யாருக்கு, யாரிடமிருந்து?

ஜூலை பிறந்துவிட்டால் தில்லியின் பல்கலைக்கழக வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி வந்து விழத் தொடங்கும்: “ஜங்புரா சேஃபா?” கேட்பவர் பெரும்பாலும் புதிதாக முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தவர், விடுதியில் இடம் கிடைக்காதவர், ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டியவர். பதில் உடனே வரும். ஜங்புரா எக்ஸ்டென்ஷன் நல்லது, போகல் பரவாயில்லை, நாலா ஓரம் மட்டும் வேண்டாம். பதில் சொல்பவர்களும் ஆய்வு மாணவர்களே. ஆய்வேட்டில் ‘பெரும்பாலும்’ என்று எழுதினால் அதற்கும் அடிக்குறிப்பு எங்கே என்று நெறியாளரிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்பவர்கள். இங்கே மட்டும், ஆயிரக்கணக்கானோர் வாழும் ஒரு பகுதியின் மீது மூன்று சொல்லில் தீர்ப்பு எழுதிவிட்டு அடுத்த செய்திக்கு நகர்ந்துவிடுகிறார்கள். ஆதாரம் கேட்பார் எவருமில்லை.

கேள்வி கேட்டவரைக் குறை சொல்வதற்கில்லை. நூலகம் மூடியபின் பேருந்திலிருந்து இறங்கி, விளக்கெரியாத தெருவில் நடக்கும் பெண்ணின் அச்சம் எந்தக் கோட்பாட்டுக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டதன்று. குறை அந்தப் பதிலின் அமைப்பில் இருக்கிறது. அது அச்சத்தைப் பற்றிய பதில்போலத் தோன்றி, வேறொன்றைச் சொல்லிவிட்டுப் போகிறது.

‘பாதுகாப்பு’ தனித்து நிற்கக்கூடிய சொல் அன்று. யாருக்குப் பாதுகாப்பு என்று நான்காம் வேற்றுமையையும், யாரிடமிருந்து, எதிலிருந்து என்று ஐந்தாம் வேற்றுமையையும் வேண்டி நிற்பது அது. அச்சப்பொருளில் வரும் சொல் ஐந்தாம் வேற்றுமையையும் ஏற்கும், இரண்டாம் வேற்றுமையையும் ஏற்கும், பொருள் வேறுபடாது என்று வேற்றுமை மயங்கியலில் தொல்காப்பியர் குறிக்கிறார். கள்வரின் அஞ்சினான் என்றாலும் கள்வரை அஞ்சினான் என்றாலும் ஒன்றுதான். எந்த உருபு வந்தாலும் அஞ்சப்படுவது எது என்பது வாக்கியத்துக்குள் இருந்தாக வேண்டும். ‘சேஃப் ஏரியா’ என்ற தொடரோ இரண்டு வேற்றுமையையும் உதறிவிடுகிறது. யாருக்கு என்பதும் இல்லை, யாரிடமிருந்து என்பதும் இல்லை. ஓர் உறவைக் குறிக்க வேண்டிய சொல், கரிசல், செம்மண் என்பதுபோல நிலத்தின் பண்பைக் குறிக்கும் அடையாகிவிடுகிறது. அந்த மண்ணில் பிறந்தவர் அனைவருக்கும் அந்தப் பண்பு ஒட்டிக்கொள்கிறது.

தில்லியின் வீட்டுத் தரகர்கள் இந்த வித்தையில் ஆய்வாளர்களைவிடத் தேர்ந்தவர்கள். “மாஹோல் டீக் நஹீ ஹை” என்பார்கள், சூழல் சரியில்லை என்ற பொருளில். அந்தச் சூழலில் இருப்பது யார் என்று கேட்டால் சிரிப்பார்கள். “அச்சே லோக் ரெஹ்தே ஹை” என்றால் நல்லவர்கள் குடியிருக்கிறார்கள் என்று பொருள். எந்தச் சாதி, எந்த மதம் என்பது தொகைநிலையில் மறைந்து நிற்கும். ‘ஃபேமிலி ஏரியா’ என்பது தனியே வாழும் பெண்ணுக்கும், வடகிழக்கிலிருந்தும் காஷ்மீரிலிருந்தும் வந்த மாணவருக்கும் வீடில்லை என்பதன் மரியாதைச் சொல்.

தரகரை விடலாம், அவருக்கு அது பிழைப்பு. படித்தவர்கள் வேறொரு சான்றைக் காட்டுவார்கள். எண்கள் இருக்கின்றனவே, தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறதே என்பார்கள். சரி, எண்களையே எடுத்துக்கொள்ளலாம். தில்லியில் 2013ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் கீழ்ப் பதிவான வழக்குகள் சுமார் 80 ஆயிரம். 2014இல் அது ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. 2015இல் 1.9 லட்சத்தைத் தாண்டியது. இரண்டே ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கும் மேல். அப்படியானால் அந்த இரண்டு ஆண்டுகளில் தில்லி மக்களில் பாதிப்பேர் திடீரென்று திருடர்களாக மாறிவிட்டார்களா? அதே ஆண்டுகளில் கொலை வழக்குகளின் எண்ணிக்கை ஐந்நூறுக்கும் அறுநூறுக்கும் இடையில்தான் நின்றது. பிணத்தை மறைப்பது எளிதன்று என்பதால் கொலைக் கணக்கு எளிதில் ஆடாது. ஆடியது பதிவேடு. புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே தீர வேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. புகார்களைத் தட்டிக் கழிக்காமல் பதிவு செய்யும் போக்கு தில்லியில் கூடியது. வாகனத் திருட்டுக்கு இணையத்திலேயே புகார் பதியும் வசதி 2015இல் வந்தது. குற்றம் இரட்டிக்கவில்லை, பதிவுதான் இரட்டித்தது. இந்த வேறுபாட்டைக் காப்பகம் தன் அறிக்கையிலேயே எச்சரிக்கையாகக் குறிப்பிடுகிறது. அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. ஒழுங்காக வழக்குப் பதியும் கேரளம் குற்ற விகிதப் பட்டியலின் முன்வரிசையில் நிற்பதைக் கண்டு, கொச்சியில் நடமாட அஞ்ச வேண்டும் என்று முடிவு கட்டியவர்கள் எத்தனை பேர்?

ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றுள் கொடியது ஒன்றையே கணக்கில் கொள்ளும் விதியும் இருக்கிறது. இதற்குள் அடங்காதவையோ அதிகம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, வன்முறைக்கு ஆளான பெண்களில் நூற்றுக்குப் பதினான்கு பேர் மட்டுமே யாரிடமாவது உதவி கேட்டிருக்கிறார்கள். அந்த யாரிடமாவது என்பதிலும் பெரும்பகுதி பிறந்த வீடுதான், காவல் நிலையம் அன்று. பதிவான வல்லுறவு வழக்குகளில் ஆண்டுதோறும் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு முன்பே தெரிந்தவர். உறவினர், அண்டை வீட்டார், நண்பர், திருமணம் செய்வதாகச் சொன்னவர். தெருமுனையில் நிற்கும் முகமறியாத ஆண் அந்தக் கணக்கில் ஒரு சிறுபான்மை. அப்படியிருக்க ‘பாதுகாப்பான பகுதி’ பற்றிய பேச்சு முழுதும் அவனைச் சுற்றியே நடக்கிறது.

2013இல் தில்லி மாவட்ட நீதிமன்றங்கள் தீர்ப்பளித்த வல்லுறவு வழக்குகளை ஊடகவியலாளர் ருக்மிணி எஸ். ஒவ்வொன்றாகப் படித்து 2014இல் எழுதினார். முழு விசாரணை நடந்த 460 வழக்குகளில் சுமார் ஐந்தில் இரண்டு பங்கு, சம்மதத்துடன் இணைந்தவர்கள் பற்றியவை. பல வழக்குகளில், சாதியோ மதமோ மாறிக் காதலித்து வீட்டைவிட்டுப் போன மகளை மீட்கப் பெற்றோர் கொடுத்த புகார் அது. அந்த மகள் உண்மையில் யாரிடமிருந்து பாதுகாப்புத் தேடினாள் என்பதை முதல் தகவல் அறிக்கை தலைகீழாக எழுதி வைத்திருக்கிறது. எண்ணைப் படிப்பவர் அதை அந்தப் பகுதியின் ஆபத்து என்று படிக்கிறார். இதைப் பெண்கள் பொய் சொல்கிறார்கள் என்று திரிக்க ஒரு கூட்டம் எப்போதும் தயாராக நிற்கும். பல வழக்குகளில் புகாரை எழுதியது பெண் அன்று, அவளுடைய குடும்பம் என்பதையும் அவர்கள் சேர்த்துப் படிக்கட்டும்.

இந்த எண்களும் நகரத்துக்கும் மாவட்டத்துக்கும் உரியவை. காப்பகத்தின் அறிக்கையில் போகலுக்கு என்று ஒரு வரிசை கிடையாது. தெரு அளவில் ஆபத்தைக் காட்டுவதாகச் சொல்வது வேறொரு கருவி. இஸ்ரோவின் துணையோடு தில்லிக் காவல்துறை உருவாக்கிய, சுருக்கமாக சிமேப்ஸ் எனப்படும் குற்ற வரைபட முறை, அவசர எண்ணுக்கு வரும் அழைப்புகளை நகர வரைபடத்தில் புள்ளிகளாக்கி ‘ஹாட்ஸ்பாட்’ காட்டுகிறது. விதுஷி மர்தாவும் ஷிவாங்கி நாராயணும் இந்த முறையை உள்ளிருந்து பார்த்து 2020இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். யார் எதற்காக அழைக்கிறார்கள், எந்தத் துறைத் தலைப்பின் கீழ் அது எழுதப்படுகிறது, முகவரி இல்லாத குடிசைப் பகுதி வரைபடத்தில் எப்படிக் குறிக்கப்படுகிறது என்ற ஒவ்வொரு படியிலும் ஏழைக் குடியிருப்புகளின் மீது சாய்வு ஏறுவதை அக்கட்டுரை காட்டியது. வசதியானவருக்குச் சண்டையென்றால் வழக்கறிஞர் இருக்கிறார், தெரிந்த அதிகாரி இருக்கிறார், நான்கு சுவர் இருக்கிறது. குடிசைவாசிக்கு நூறு என்ற எண்தான் இருக்கிறது. உதவி கேட்டு அழைத்ததே அவரது தெருவின் குற்றச் சான்றாகிவிடுகிறது. புள்ளி கூடினால் ரோந்து கூடும், ரோந்து கூடினால் பிடிபடுவோர் கூடுவர், பிடிபடுவோர் கூடினால் புள்ளி கூடும்.

இடத்தையும் பிறப்பையும் குற்றத்தோடு கட்டிவைக்கும் இந்தப் பழக்கம் கணிப்பொறியோடு வந்ததன்று. இந்தியில் அயோக்கியனைக் குறிக்க ‘தஸ் நம்பரி’ என்பார்கள். இது காவல் நிலையத்தின் பத்தாம் எண் கண்காணிப்புப் பதிவேட்டிலிருந்து பிறந்த வசை. 1934ஆம் ஆண்டின் பஞ்சாப் காவல் விதிகள் தில்லியிலும் வழங்கியவை. பதிவேட்டின் எண் மக்கள் நாவில் வசைச்சொல்லாகும் அளவுக்கு அந்தப் பதிவேடு அவர்களின் வாழ்க்கையில் புகுந்திருந்தது. அதற்கும் முன்னால் 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம். தமிழில் அதற்கு மக்கள் வைத்த பெயர் கைரேகைச் சட்டம். 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. முன்பு ஊர்க்காவல் பார்த்து, அதற்குக் கூலியும் பெற்றுவந்த சமூகம் அது. காவல் தொழிலை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டபின், பழைய காவலரைப் பிறவிக் கள்வர் என்று எழுதிவைத்தது. சட்டம் 1952இல் நீக்கப்பட்டது. வழக்கமான குற்றவாளிகள் சட்டங்கள் அந்த இடத்தில் வந்து அமர்ந்தன. 2024 மே மாதம் தில்லி ஜாமியா நகர்க் காவல் நிலையத்தின் ‘தீய நடத்தையர்’ பதிவேடு தொடர்பான ஒரு வழக்கில், பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சமூக, சீர்மரபு இளைஞர்களின் பெயர்கள் இத்தகைய பதிவேடுகளில் இயந்திரத்தனமாக ஏற்றப்படும் போக்கைக் கவலையோடு குறிப்பிட்ட உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களும் தங்கள் நடைமுறையைப் பரிசீலிக்கச் சொன்னது. 2019இல் காமன் காஸ் அமைப்பும் சி.எஸ்.டி.எஸ். நிறுவனமும் காவலரிடம் நடத்திய கணக்கெடுப்பில் ஏறத்தாழ இருவரில் ஒருவர், முஸ்லிம்கள் ஏதோ ஓர் அளவில் இயல்பாகவே குற்றத்தின்பால் சாய்பவர்கள் என்று சொல்லியிருந்தார். ஜாமியா நகர் ‘சென்சிடிவ்’ என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதும்போது அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்பது இதற்கு மேலும் விளங்காதா? தமிழ் நாளிதழ்கள் அதைப் ‘பதற்றமான பகுதி’ என்று மொழிபெயர்க்கின்றன. பதறுவது யார் என்பதை அவையும் எழுதுவதில்லை.

கெட்ட பெயர் பெற்ற பகுதிகள் எப்படிப் பிறந்தன என்பதையும் ஒரு கணம் பார்க்க வேண்டும். நெருக்கடி நிலைக் காலத்தில், 1975க்கும் 1977க்கும் இடையில், சுமார் ஏழு லட்சம் பேர் தில்லியின் நடுப்பகுதிகளிலிருந்து பெயர்க்கப்பட்டு அன்றைய நகர விளிம்புகளில் கொட்டப்பட்டார்கள். திரிலோக்புரி, மங்கோல்புரி, ஜஹாங்கீர்புரி, தட்சிண்புரி. வேலை ஓரிடம், வீடு ஓரிடம். சாக்கடை இல்லை, விளக்கு இல்லை, பேருந்து அரிது. 1984 நவம்பரில் திரிலோக்புரியின் 32ஆம் பிளாக்கில் சீக்கியர்கள் கொத்துக் கொத்தாகக் கொல்லப்பட்டபோது காவல்துறை எங்கே இருந்தது என்பது விசாரணைக் குழுக்களின் ஏடுகளில் இருக்கிறது. அரசு உருவாக்கிய, அரசு கைவிட்ட பகுதிகள் இவை. இன்று பட்டியலில் ‘வேண்டாம்’ என்ற வரிசையில் இருக்கும் பெயர்களில் பாதி இவைதான்.

ஏழைப் பகுதிகளில் குற்றமே இல்லை என்று சொல்வது மறுபக்கத்துப் பொய். முற்போக்கு வகுப்பறைகளில் அந்தப் பொய்யும் நன்றாக விலைபோகிறது. ஜஹாங்கீர்புரியிலும் சங்கம் விஹாரிலும் கத்தி இருக்கிறது, போதைப்பொருள் இருக்கிறது, மாதச் சம்பள நாளன்று பர்ஸைப் பறிகொடுக்கும் தொழிலாளி இருக்கிறார். பறிகொடுப்பவர் அங்கேயே வாழ்பவர் என்பதுதான் சொல்லப்படாமல் போகிறது. ‘ஆபத்தான பகுதி’ என்ற பேச்சில் அவர் ஆபத்தின் பகுதியாக எண்ணப்படுகிறாரே தவிர, ஆபத்துக்கு ஆளானவராக எண்ணப்படுவதில்லை. அவர் கேட்பது ரோந்து வண்டியை மட்டுமன்று. எரியும் தெருவிளக்கை, இரவிலும் வரும் பேருந்தை, புகாரை வாங்கிக்கொண்டு திட்டாமல் அனுப்பும் காவல் நிலையத்தைக் கேட்கிறார். அவருடைய பயத்தை ஆய்வு மாணவரின் வாடகைக் கேள்விக்குள் சேர்க்க இடமில்லை.

‘நல்ல’ பகுதிகளின் கணக்கை இனிப் பார்ப்போமா? 2014 ஜனவரி 29 அன்று, ஜங்புராவுக்கு அடுத்த லாஜ்பத் நகரின் கடைவீதியில், அருணாசலப் பிரதேசத்திலிருந்து வந்த மாணவர் நிடோ தானியம் தன் தலைமுடியைக் கேலி செய்ததை எதிர்த்துக் கேட்டார், தாக்கப்பட்டார். மறுநாள் இறந்தார். பட்டப்பகல், கூட்டமான கடைத்தெரு, சொந்த வீடுகள் நிறைந்த குடியிருப்பு. எந்த அளவுகோலிலும் சேஃப் ஏரியா. அதற்கு இரண்டு வாரம் முன்னர்தான் கிர்க்கி எக்ஸ்டென்ஷனில், அக்கம்பக்கத்தாரின் புகாரைக் காரணம் காட்டி, அன்றைய தில்லிச் சட்ட அமைச்சரே ஒரு கூட்டத்தோடு நள்ளிரவில் இறங்கினார். ஆப்பிரிக்க நாட்டுப் பெண்கள் சிலர் தடுத்து வைக்கப்பட்டு, பரிசோதனைக்காக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பகுதியின் பாதுகாப்புக்காக நடந்த செயல் அது. அந்தப் பெண்களும் அந்தப் பகுதியில் வாடகை கொடுத்துக் குடியிருந்தவர்கள். பகுதி என்ற சொல்லுக்குள் அவர்கள் அடங்கவில்லை, அவ்வளவுதான்.

2007இல் தில்லிக் காவல்துறை வடகிழக்கு மாணவர்களுக்கென்று ஒரு பாதுகாப்புக் கையேடு வெளியிட்டது. உடலை வெளிக்காட்டும் உடையைத் தவிர்க்கச் சொன்னது. மூங்கில் குருத்து, அகுனி போன்ற மணமுள்ள உணவை அக்கம்பக்கத்தில் சலசலப்பு எழாதவாறு சமைக்கச் சொன்னது. மொழியியல் மாணவர்க்குப் பாடமாகவே வைக்கத்தக்க பனுவல் அது. ஏவல் வினைகள் அனைத்தும் ஒருவரை நோக்கியே செல்கின்றன. மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைத் தட்டும் அண்டை வீட்டுக்காரரை நோக்கி ஓர் ஏவல்கூட இல்லை.

மோதி நகரில் ஓர் ஆடம்பரக் குடியிருப்பு வளாகத்தில், 2018 செப்டம்பரில், கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டிக்குள் இறங்கிய ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். வாயிற்காவலர், காமிரா, நுழைவுச் சீட்டு எல்லாம் உள்ள வளாகம். அங்கே வீடு தேடும் எவராவது அதனால் அது ஆபத்தான இடம் என்று ஒதுங்குவாரா? 2022இல் நாடெங்கும் பதிவான கொலை வழக்குகள் 28,522. அதே ஆண்டு சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர், ஏறத்தாழ ஆறு மடங்கு. புதிய பகுதிக்குக் குடிபோகும் எவரும் அங்கே நடைபாதை இருக்கிறதா என்று குழுவில் கேட்டதில்லை.

பெண்களின் பாதுகாப்பு என்று வரும்போது இந்தச் சொல் தன் பழைய முகத்தைக் காட்டுகிறது. தமிழில் ‘காவல்’ என்றால் பாதுகாப்பு. காவலில் வைத்தல் என்றால் சிறை. ஒரு மொழி தன் சொற்களில் சில உண்மைகளைத் தெரியாமலே போட்டு வைத்திருக்கும். பெண்கள் விடுதிக்கு இரவு எட்டு மணிக்குப் பூட்டு, ஆண்கள் விடுதிக்குப் பூட்டே இல்லை என்ற ஏற்பாட்டை எதிர்த்து 2015இல் தில்லி மாணவிகள் ‘பிஞ்ஜ்ரா தோட்’ என்று, கூண்டை உடை என்று, திரண்டபோது நிர்வாகங்கள் சொன்ன ஒரே சொல் பாதுகாப்பு. மும்பையை ஆராய்ந்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் எழுதிய ‘ஒய் லாய்ட்டர்?’ நூல் இதை முன்பே பிரித்துக் காட்டியது. பெண்ணைக் காப்பது என்ற பெயரில் ஏழை ஆணையும் முஸ்லிம் ஆணையும் தெருவிலிருந்து அகற்றும் திட்டம், அதே கையோடு பெண்ணையும் வீட்டுக்குள் அனுப்பிவிடும். தெருவில் காரணமின்றி நிற்கும் உரிமை எல்லாருக்கும் இருந்தால்தான் பெண்ணுக்கும் இருக்கும். இந்த நூலை வகுப்பில் வாசித்து மதிப்பெண் வாங்கியவர்கள்தான் அன்று மாலை குழுவில் ‘அந்தச் சந்தில் எப்போதும் பையன்கள் நிற்பார்கள், வேண்டாம்’ என்று எழுதுகிறார்கள்.

சந்தில் நிற்கும் எல்லாரையும் துரத்தியபின் எஞ்சுவது ஆளில்லாத சந்து. தெருவைக் காப்பது தெருவில் இருக்கும் கண்கள் என்று ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் எழுதியதை நகரவியல் மாணவர் அனைவரும் அறிவர். போகலின் கடைத்தெரு அதற்கு இன்றும் சான்று. இரவிலும் தேநீர்க் கடை, முட்டைக்கடை வண்டி, சவாரிக்குக் காத்திருக்கும் ஆட்டோக்கள். ‘நல்ல’ குடியிருப்பின் உள்தெருக்கள் அந்த நேரத்தில் இரும்புக் கதவுக்குப் பின்னால் சுடுகாட்டு அமைதியில் கிடக்கும். கதவைச் சாத்திவிட்டு, கடைசிப் பேருந்தில் வந்தவளை அரைக் கிலோமீட்டர் சுற்றி நடக்க வைப்பதற்குப் பெயர் பாதுகாப்பு. சதுர மைலுக்கு 1,826 காமிராக்களோடு உலக நகரங்களில் தில்லிக்கே முதலிடம் என்று 2021இல் அறிவிப்பு வந்தது. காமிராவுக்குக் கண் உண்டு, கால் இல்லை, வாய் இல்லை. பேருந்துகளில் நின்ற மார்ஷல்களுக்கு இரண்டுமே இருந்தன. அவர்களில் சுமார் பத்தாயிரம் பேரை 2023 நவம்பரில் வேலையைவிட்டு அனுப்பினார்கள்.

இனி ஜங்புராவுக்கே திரும்பலாம். 2023 செப்டம்பரில் போகலில் ஒரு நகைக்கடையின் மாடி வழியே இறங்கிச் சுமார் 25 கோடி ரூபாய் நகை திருடப்பட்டது. நாடு முழுதும் செய்தியானது. அந்த வழக்கில் கைதானவர் பிடிபட்டது சத்தீஸ்கரில். நாலா ஓரத்துக் குடிசையில் அன்று. ஆனால் ஜங்புராவின் வீடுகளில் பாத்திரம் துலக்கும் பெண் தன் புகைப்படத்தையும் ஆதார் எண்ணையும் ஊர் முகவரியையும் எழுதிக் காவல் நிலையச் சரிபார்ப்புப் படிவம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவளை வேலைக்கு வைக்கும் வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று அவள் தெரிந்துகொள்ள எந்தப் படிவமும் அச்சிடப்படவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால், வேறொருவர் வீட்டில், தனியே நாளெல்லாம் இருப்பவள் அவள்.

அப்படி வேலைக்கு வந்தவர்களில் பலர் பாராபுல்லா நாலாவின் ஓரத்தில் இருந்த மதராஸி கேம்ப்பின் தமிழ்ப் பெண்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டாக அங்கே குடியிருந்த, தமிழ்நாட்டிலிருந்து கூலிவேலைக்கு வந்த குடும்பங்கள். பிள்ளைகள் லோதி எஸ்டேட்டின் தமிழ்ப் பள்ளிக்கு நடந்தே போனார்கள். வாட்ஸ்அப் பதிலில் ‘நாலா ஓரம் மட்டும் வேண்டாம்’ என்றது அந்த இடத்தைத்தான். தமிழ் மாணவர்களும் அப்படித்தான் எழுதினார்கள் என்பதை மறைத்துப் பயனில்லை. உயர் நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1 அன்று கேம்ப் இடிக்கப்பட்டது. ஏட்டில் எழுதப்பட்ட காரணம் குற்றம் அன்று. வடிகால் ஆக்கிரமிப்பு, மழைவெள்ளம். ஆனால் ஒரு குடியிருப்பை இடிக்கும்போது அண்டைப் பகுதியிலிருந்து ஒரு குரலும் எழாதிருக்க, அது பலகாலமாகவே ‘வேண்டாம்’ என்ற வரிசையில் இருந்தாக வேண்டும். சுமார் 370 வீடுகளில் 189 வீட்டார் மறுகுடியமர்வுக்குத் தகுதியுடையவராக அறிவிக்கப்பட்டார்கள். மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. தகுதி பெற்றவர்களுக்கு ஒதுக்கப்பட்டது நரேலா, சுமார் நாற்பது கிலோமீட்டர் தள்ளி, நகரத்தின் வடக்கு விளிம்பில், ஆளரவம் குறைந்த அடுக்குமாடி வீடுகள்.

ஜங்புரா என்ற பெயரை ‘ஜங்’, போர், என்று பொருள்கொள்வோர் உண்டு. அது பொய்ச் சொற்பிறப்பு. புதுதில்லி கட்டுவதற்காக ரைசினாவிலிருந்து பெயர்க்கப்பட்ட ஊர்மக்களை ஆங்கிலேய அதிகாரி யங் இங்கே குடியமர்த்தினார் என்றும், யங்புரா என்பதே ஜங்புரா ஆயிற்று என்றும் சொல்வார்கள். பின்னர் பிரிவினையின் அகதிகள் வந்தார்கள். இடம்பெயர்க்கப்பட்டவர்களின் மேல் இடம்பெயர்க்கப்பட்டவர்கள் வந்து படிந்த ஊர், இப்போது குழுவில் ஒற்றைச் சொல்லால் பரிந்துரைக்கப்படுகிறது.

நரேலாவிலிருந்து ஜங்புராவின் பழைய வேலை வீட்டுக்குக் காலை ஏழு மணிக்கு வர வேண்டுமானால் விடியுமுன்பே கிளம்ப வேண்டும். இருட்டில் பேருந்து நிறுத்தம் வரை நடந்து, பேருந்து மாறி, திரும்பும்போது மீண்டும் இருட்டில் இறங்கி நடக்க வேண்டும். அந்தப் பாதை சேஃபா என்று எந்தக் குழுவிலும் எவரும் இதுவரை கேட்கவில்லை.